பாயிண்ட் மாற்றிய பிறகு நடுங்கும் அம்பாசடர்: டைமிங்கைத் தொடும் முன் பார்க்க வேண்டியவை

உங்கள் கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1984 மாடல் மார்க் 4 பெட்ரோல் அம்பாசடர். சர்வீஸில் பாயிண்ட் (காயிலுக்குச் செல்லும் மின்சாரத்தைத் திறந்து மூடும் தொடுமுனைகள்), கண்டன்சர், நான்கு பிளக்குகள் மூன்றையும் புதிதாக மாற்றியிருக்கிறார்கள். வண்டியை வெளியே எடுத்தபோது நன்றாகத்தான் இருந்தது. ஏறக்குறைய ஐந்நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு ஐட்லிங்கில் இன்ஜின் நடுங்கத் தொடங்கியது; ஏற்காடு மலையேற்றத்தில் இரண்டாவது கியரிலேயே இழுவை இல்லை, டெம்பரேச்சர் முள் வழக்கத்தை விட மேலே போகிறது, ஆக்சிலேட்டரை விட்டால் சைலன்சரில் வெடிச் சத்தம் கேட்கிறது. மெக்கானிக் மூன்று தடவை டிஸ்ட்ரிபியூட்டரை (தீப்பொறியை நான்கு பிளக்குகளுக்கும் பகிர்ந்தளிக்கும் பகுதி) திருப்பி, காதால் கேட்டு, டைமிங் (தீப்பொறி விழும் தருணம்) வைத்துக் கொடுத்தும் சில நாட்களில் பழைய நிலைக்கே திரும்புகிறது. ஆகவே சரியான டைமிங் எத்தனை டிகிரி என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த எண் உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கிறது; அதையே வையுங்கள். ஆனால் அந்த எண் மட்டும் உங்கள் குறையைத் தீர்க்காது என்று நினைக்கிறேன். பாயிண்ட் இன்ஜினில் டைமிங் என்பது தனியாக நிற்கும் ஓர் அளவு அல்ல. டேப்பட் (வால்வு) இடைவெளி, பாயிண்ட் இடைவெளி, டிஸ்ட்ரிபியூட்டர் தண்டின் ஆட்டம், வேகத்துக்கேற்பத் தீப்பொறியை முந்தவைக்கும் அட்வான்ஸ் எடைகள், கார்புரேட்டரின் காற்றிழுப்பால் நகர்ந்து டைமிங்கை மாற்றும் வேக்குவம் டயஃப்ரம் ஆகிய அனைத்தும் ஒழுங்காக இருந்தால்தான் அது வைத்த இடத்தில் நிற்கும். அவற்றைப் பார்க்காமல் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்புவது, கால் ஆடும் மேசையின் மேல் தராசை வைத்து முள்ளைச் சரிசெய்வதைப் போன்றது. மூன்று தடவை வைத்தும் நிற்கவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் இதில் மிக முக்கியமான தடயம்.

உங்கள் வண்டியில் இருப்பது மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழியாக இந்துஸ்தான் மோட்டார்ஸுக்கு வந்த, பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி சீரிஸ் எனப்படும் 1489 சி.சி. இன்ஜின். கீழே நான் தரும் அளவுகளும் திசைகளும் இந்த இன்ஜினுக்கு உரியவை. பிரீமியர் பத்மினி வைத்திருப்பவர்கள் முறையை எடுத்துக்கொள்ளலாம். எண்களையும் சுழலும் திசையையும் தங்கள் கையேட்டைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

டைமிங் ஏன் இவ்வளவு நுட்பமான விஷயம் என்பதை ஒரு சிறு கணக்கு புரிய வைக்கும். பிளக்கில் தீப்பொறி விழுந்ததும் கலவை முழுவதும் ஒரே கணத்தில் எரிந்துவிடுவதில்லை. தீ பரவி, அழுத்தம் உச்சத்தை அடையச் சிறிது நேரம் பிடிக்கிறது. அதை 2 மில்லி விநாடி என்று வைத்துக்கொள்வோம். 800 ஆர்.பி.எம்மில் கிராங்க் விநாடிக்கு 4800 டிகிரி சுழல்கிறது; 2 மில்லி விநாடியில் ஏறக்குறைய 10 டிகிரி கடந்துவிடும். 3000 ஆர்.பி.எம்மில் அதே நேரத்தில் 36 டிகிரி கடந்துவிடும். உண்மையில் வேகம் கூடும்போது சிலிண்டருக்குள் கலவை அதிகமாகக் கொந்தளித்துச் சற்று விரைவாக எரியும் என்பதால் அவ்வளவு முழுதாகத் தேவைப்படாது. ஆனாலும் வேகம் ஏற ஏறத் தீப்பொறி முன்கூட்டியே விழ வேண்டும் என்பது தெளிவு. பிஸ்டன் உச்சியைத் தாண்டிச் சுமார் 15 டிகிரி இறங்கும்போது அழுத்தம் உச்சத்தில் இருந்தால் அது பிஸ்டனை நன்றாகத் தள்ளும். தீப்பொறி தாமதமானால், பிஸ்டன் கீழே ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் எரிதல் முடிகிறது. தள்ளுவதற்குப் பயன்பட வேண்டிய சூடு வெளிப்போக்கு வால்வு, மேனிஃபோல்டு, சிலிண்டர் ஹெட் ஆகியவற்றில் இறங்குகிறது. இழுவை இல்லாமை, சூடேறுதல், சைலன்சரில் வெடித்தல் என்ற உங்கள் மூன்று அறிகுறிகளும் தாமதமான டைமிங்குக்குப் பொருந்துகின்றன. முந்திய டைமிங்காக இருந்தால் ஏற்றத்தில் 'கிளிங் கிளிங்' என்று நாக்கிங் கேட்டிருக்கும். சூடான இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது ஸ்டார்ட்டர் திணறி உதைத்திருக்கும். இரண்டையும் நீங்கள் சொல்லவில்லை.

அப்படியானால் நன்றாக இருந்த டைமிங் ஐந்நூறு கிலோமீட்டரில் ஏன் தாமதமானது? என் முதல் சந்தேகம் புதிய பாயிண்டின் மேல்தான். டிஸ்ட்ரிபியூட்டர் தண்டிலுள்ள நான்கு முனைக் கேமின் மேல் உரசிச் செல்லும் ஃபைபர் குதிகால் ஒன்று பாயிண்டில் இருக்கிறது. புதிதாகப் போட்டதும் அந்தக் குதிகால் கேமின் வடிவத்துக்கு ஏற்பத் தேய்ந்து படியும். கேமில் கிரீஸ் வைக்காமல் விட்டிருந்தால் இன்னும் வேகமாகத் தேயும். குதிகால் தேய்ந்தால் பாயிண்டின் இடைவெளி குறைகிறது. இடைவெளி குறைந்தால் பாயிண்ட் திறப்பது தாமதமாகிறது. பாயிண்ட் திறக்கும் கணமே தீப்பொறி விழும் கணம் என்பதால் டைமிங்கும் அதே அளவு பின்தள்ளிப் போகிறது. மெக்கானிக் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி அதை ஈடுகட்டுகிறார். ஆனால் கிரீஸ் இல்லாத குதிகால் மேலும் தேய்கிறது, குறை திரும்பி வருகிறது. இது வெறும் ஊகம்தான் என்றாலும், ஒரு ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) பத்து நிமிடமும் இருந்தால் உறுதிசெய்துகொள்ளலாம். அங்கிருந்தே தொடங்குங்கள்.

பாயிண்ட் இடைவெளி 14 முதல் 16 தௌ (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு தௌ), அதாவது 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும். குதிகால் கேமின் முனையின் உச்சியில் சரியாக நிற்கும்போது மட்டுமே அளக்க வேண்டும். சற்றே விலகி நின்றாலும் அளவு பொய்யாகிவிடும். நான்கு முனைகளிலும் தனித்தனியே அளந்து பாருங்கள். நான்கும் ஒன்றுபோல் இருந்தால் நல்லது. ஒரு முனையில் 15, எதிர் முனையில் 11 என்று வந்தால், தண்டு வளைந்திருக்கலாம் அல்லது அதைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கலாம். தண்டின் மேல் சுற்றும் ரோட்டாரைக் கழற்றிவிட்டுத் தண்டின் மேல்முனையை இரு விரல்களால் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தாலே புஷ்ஷின் நிலை தெரிந்துவிடும். கைக்கு ஆட்டம் தட்டுப்பட்டால், அந்த டிஸ்ட்ரிபியூட்டரில் எந்த டைமிங்கும் நான்கு சிலிண்டருக்கும் ஒன்றுபோல் அமையாது; புஷ் மாற்றிய பிறகே மேற்கொண்டு வேலை செய்ய வேண்டும். பழைய பாயிண்டில் ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடுமாக இருந்தால் ஃபீலர் கேஜ் மேட்டின் மேல் உட்கார்ந்து இடைவெளியைக் குறைத்துக் காட்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

டுவெல் மீட்டர் கிடைத்தால் ஃபீலர் கேஜை விட அதையே நான் நம்புவேன். நான்கு சிலிண்டர் டிஸ்ட்ரிபியூட்டரில் ஒரு சிலிண்டருக்கு 90 டிகிரி ஒதுக்கம். அதில் பாயிண்ட் மூடியிருக்கும் கோணமே டுவெல்; இந்த லூகாஸ் நிறுவன வகைகளில் அது 60 டிகிரி, மூன்று கூடலாம் அல்லது குறையலாம். இடைவெளி குறைந்து டுவெல் 66 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடிய ஆறில் பாதி மூடும் பக்கத்திலும் பாதி திறக்கும் பக்கத்திலும் சேர்கிறது. ஆக, பாயிண்ட் திறப்பது டிஸ்ட்ரிபியூட்டர் கணக்கில் 3 டிகிரி தாமதம். டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால் கிராங்க் கணக்கில் அது 6 டிகிரி. அதாவது டுவெல் ஒரு டிகிரி மாறினால் டைமிங்கும் ஏறக்குறைய ஒரு டிகிரி மாறும். பாயிண்டைத் தொட்டால் டைமிங்கை மறுபடி பார்த்தே ஆக வேண்டும். டைமிங்கைத் தொட்டதற்காகப் பாயிண்டைப் பார்க்க வேண்டியதில்லை. இந்த வரிசை ஒருபோதும் மாறக்கூடாது. ஐட்லிங்கில் 60 காட்டும் மீட்டர், வேகத்தை ஏற்றும்போது மூன்று டிகிரிக்கு மேல் அலைந்தால், அதுவும் புஷ் தேய்மானத்தின் அடையாளம்தான்.

கண்டன்சரையும் இந்த இடத்திலேயே பார்த்துவிடுங்கள். பாயிண்ட் திறக்கும்போது தொடுமுனைகளுக்கு இடையே தீ பாயாமல் தடுத்து, காயிலின் காந்தப்புலம் சட்டென்று சரிய உதவுவது அது. லூகாஸ் வகையில் அதன் அளவு ஏறக்குறைய 0.2 மைக்ரோ ஃபாரட். அது கெட்டால் பாயிண்டின் முகம் நீலம் பாய்ந்து கருகும். டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியான கேப்பைத் திறந்துவைத்துப் பார்த்தால் பாயிண்டில் பளிச்சென்ற தீப்பொறி தெரியும். பிளக்கில் விழும் பொறி மஞ்சளாகவும் மெலிந்தும் இருக்கும். புதிது என்ற ஒரே காரணத்துக்காகக் கண்டன்சரை நம்ப வேண்டாம். இப்போது கடைகளில் கிடைப்பவற்றில் போட்ட வாரமே போய்விடுபவற்றை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சர்வீஸில் கழற்றிய பழைய கண்டன்சரைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் மாட்டி ஓட்டிப் பாருங்கள்.

டைமிங் வைப்பதற்கு முன் டேப்பட் இடைவெளியைப் பார்க்க வேண்டும் என்று சொன்னால் பலர் நேரம் வீண் என்று நினைக்கிறார்கள். ஆனால் இடைவெளி இறுகிப்போன வால்வு, இன்ஜின் சூடானதும் இருக்கையில் முழுதாக உட்காராது; அந்தச் சிலிண்டரின் கம்ப்ரஷன் ஐட்லிங்கில் கசிந்து நடுக்கம் வரும்; டைமிங்கை எங்கே திருப்பினாலும் அது போகாது. இந்த இன்ஜினுக்கு வழக்கமான அளவு 15 தௌ. அதை இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பார்க்கச் சொல்கிறதா, சூட்டில் பார்க்கச் சொல்கிறதா என்பதை உங்கள் கையேட்டில் கவனியுங்கள். எட்டு வால்வுகளுக்கும் 'ஒன்பது' கணக்கு வசதியானது: முன்னாலிருந்து எண்ணி, எட்டாவது வால்வு முழுதாக அழுந்தியிருக்கும்போது ஒன்றாவதைப் பாருங்கள், ஆறாவது அழுந்தியிருக்கும்போது மூன்றாவதைப் பாருங்கள், இரண்டு எண்களையும் கூட்டினால் எப்போதும் ஒன்பது வர வேண்டும்.

அடுத்து, நடுக்கம் எந்தச் சிலிண்டரிலிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். இன்ஜின் ஓடும்போது, காப்பிட்ட இடுக்கியால் ஒவ்வொரு பிளக் வயரையும் பிளக்கிலிருந்து எடுத்து உடனே இன்ஜின் உடலில் தொடுமாறு பிடியுங்கள். காற்றில் தொங்கவிட்டால் காயிலுக்கும் ரோட்டாருக்கும் தேவையில்லாத சுமை. நல்ல சிலிண்டரின் வயரை எடுத்தால் ஐட்லிங் சட்டென்று விழும். வேலை செய்யாத சிலிண்டரின் வயரை எடுத்தால் எந்த மாற்றமும் தெரியாது.

இங்கே பி சீரிஸ் ஹெட்டின் அமைப்பு ஒரு நல்ல துப்புக் கொடுக்கிறது. இதில் ஒன்றும் இரண்டும் ஓர் உள்ளிழுப்புத் துளையைப் பகிர்ந்துகொள்கின்றன, மூன்றும் நான்கும் மற்றொன்றை. ஆகவே ஒன்றும் இரண்டும் சேர்ந்தோ, மூன்றும் நான்கும் சேர்ந்தோ பலவீனமாக இருந்தால், அந்தப் பக்கம் மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் காற்று இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும். கேஸ்கெட் விளிம்பில் சிறிது எண்ணெயைத் தூரிகையால் தடவும்போது ஐட்லிங் மாறினால் கசிவு அங்கேதான். அதில் மாற்றமில்லை என்றால் கம்ப்ரஷன் கேஜை வைத்துப் பாருங்கள். அடுத்தடுத்த இரு சிலிண்டர்கள் ஒருசேரக் குறைவாகக் காட்டினால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். ஏறிய டெம்பரேச்சருக்கும் அதுவே காரணமாக இருக்கலாம். இரண்டும் மூன்றும் மட்டும் செத்துப்போயிருந்தால், ஹெட்டைக் கழற்றும் முன் பிளக் வயர்களை எண்ணுங்கள். இந்த இன்ஜினின் ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்களில் தீப்பொறி விழும் வரிசை) 1-3-4-2. ரோட்டார் மேலிருந்து பார்க்கையில் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுற்றுகிறது. இதை நினைவில் கொள்ளாமல் கடிகாரத் திசையில் 1-3-4-2 என்று மாட்டிவிட்டால், ஒன்றும் நான்கும் சரியாகவே விழும். இரண்டும் மூன்றும் மட்டும் இடம் மாறிவிடும். வண்டி இரண்டு சிலிண்டரில் நடுங்கிக்கொண்டு ஓடவும் செய்யும் என்பதால் வயர் தவறு என்று யாருக்கும் தோன்றாது. உங்கள் வண்டி முதலில் நன்றாக ஓடியது என்பதால் இது உங்கள் குறையாக இருக்காது; ஆனால் மூன்று தடவை கேப்பைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள் என்பதால் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

பிளக்குகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இடைவெளி 25 தௌ. நான்கையும் கழற்றிச் சிலிண்டர் வரிசையில் ஒரு துணியின் மேல் வைத்துப் பாருங்கள். இளம் பழுப்பு நிறம் நல்லது. உலர்ந்த கரி, கலவை தடித்ததையோ (பெட்ரோல் அதிகம்) மிஸ்ஸிங்கையோ (சிலிண்டர் அவ்வப்போது எரியாமல் விடுவது) காட்டும். ஈரமான எண்ணெய்க் கரி ரிங் அல்லது வால்வு கைடு தேய்ந்ததைக் காட்டும். சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் கலவை மெலிந்திருக்கிறது.

இவ்வளவும் சரியான பிறகு டைமிங்குக்கு வாருங்கள். பேட்டரி, ஒரு 12 வோல்ட் சிறு பல்பு, ஸ்டார்ட்டிங் ஹேண்டில் இருந்தால் போதும். நான்கு பிளக்குகளையும் கழற்றிவிட்டால் ஹேண்டில் இலகுவாகச் சுற்றும். காயிலிலிருந்து கேப்பின் நடுவுக்கு வரும் தடித்த வயரைக் கேப்பிலிருந்து உருவி இன்ஜின் உடலில் இறுக்கமாகத் தொட வையுங்கள். திறந்த பிளக் துளைகளில் பெட்ரோல் ஆவி இருக்கும்போது பொறி எங்கும் பறக்கக் கூடாது. கிராங்க் புல்லியின் விளிம்பில் ஒரு சிறு பள்ளமும், டைமிங் கவரில் மூன்று முனைகளும் இருக்கும். நீளமானது டி.டி.சி. (பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை); மற்ற இரண்டும் அதற்கு முந்திய 5, 10 டிகிரிகள். முன்னாலிருந்து பார்க்கையில் இன்ஜின் கடிகாரத் திசையில் சுற்றுவதால் பள்ளம் முதலில் 10ஐயும், பிறகு 5ஐயும், கடைசியில் டி.டி.சி.யையும் சந்திக்கும். நாற்பது வருட எண்ணெய்க் கறை படிந்திருக்கும்; மண்ணெண்ணெயில் நனைத்த பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, பள்ளத்திலும் உங்களுக்கு வேண்டிய முனையிலும் வெள்ளை பெயின்ட் தொட்டு வையுங்கள்.

பள்ளம் முனைக்கு நேரே வருவது இரண்டு சுற்றுக்கு இரண்டு முறை. அதில் ஒன்றுதான் ஒன்றாவது சிலிண்டரின் கம்ப்ரஷன். வால்வு கவரைக் கழற்றியிருந்தால் நான்காவது சிலிண்டரின் வால்வுகளைப் பாருங்கள்: ஒன்று மூடிக்கொண்டிருக்க, மற்றது திறக்கத் தொடங்கும் அந்தத் தருணத்தில்தான் ஒன்றாவது சிலிண்டர் தீப்பொறிக்குத் தயாராக நிற்கிறது. ரோட்டாரும் அப்போது ஒன்றாம் வயரின் முனையை நோக்கியிருக்க வேண்டும்.

ஹேண்டிலை எப்போதும் கடிகாரத் திசையில் மட்டுமே சுற்றிக் குறிக்குக் கொண்டுவாருங்கள். தாண்டிவிட்டால் கால் சுற்றுப் பின்னால் போய் மறுபடி முன்னோக்கி வர வேண்டும்; செயினிலும் டிஸ்ட்ரிபியூட்டர் கியரிலும் உள்ள தளர்வு அப்போதுதான் ஒரே பக்கமாக ஒதுங்கும். பல்பின் ஒரு வயரை டிஸ்ட்ரிபியூட்டருக்குச் செல்லும் காயில் முனையிலும், மற்றொன்றை எர்த்திலும் கொடுத்து இக்னிஷனைப் போடுங்கள். பாயிண்ட் மூடியிருந்தால் பல்பு அணைந்திருக்கும், திறந்ததும் எரியும். கிளாம்ப் போல்ட்டைச் சற்றே தளர்த்தி, டிஸ்ட்ரிபியூட்டரின் உடலைக் கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் பல்பு அணையும் வரை திருப்பி, பிறகு கடிகாரத் திசையில் மிக மெதுவாகக் கொண்டுவாருங்கள். பல்பு எரியும் அந்த நொடியில் நிறுத்தி போல்ட்டை இறுக்குங்கள். ரோட்டார் எந்தப் பக்கம் சுற்றுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் உடலைத் திருப்பினால் டைமிங் முந்தும் என்பது பொது விதி. இறுக்கியதும் ஹேண்டிலை இரண்டு முழுச் சுற்று சுற்றி, பல்பு குறியிலேயே எரிகிறதா என்று மறுபடி பார்க்கவும். போல்ட்டை இறுக்கும்போது உடல் சற்றுத் திரும்பிவிடுவது வெகு சாதாரணம்.

நிற்கும் இன்ஜினில் வைத்தது ஓடும் இன்ஜினிலும் நிற்கிறதா என்பதை, ஒவ்வொரு தீப்பொறிக்கும் மின்னும் விளக்கான டைமிங் லைட் காட்டும். வேக்குவம் குழாயைக் கழற்றிக் கார்புரேட்டர் பக்கத் துளையை அடைத்துவிட்டு, ஐட்லிங்கைக் குறைத்து வைத்துப் பாருங்கள். வெள்ளைக் குறி ஓரிடத்தில் நின்றால் நிம்மதி. முன்னும் பின்னும் துள்ளினால் புஷ் அல்லது டைமிங் செயின். பிறகு மெதுவாக வேகத்தை ஏற்றுங்கள். குறி சீராக முந்திப் போய், வேகம் குறைந்ததும் அதே இடத்துக்குத் திரும்ப வேண்டும். நகராமலே இருந்தால் உள்ளே இருக்கும் எடைகள் துருவேறிப் பிடித்திருக்கின்றன. ஏற்றத்தில் இழுவை இல்லை என்ற குறைக்கு இது மிகவும் பொருத்தமான காரணம். சட்டென்று ஒரே தாவலில் முந்திவிட்டால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது அல்லது ஒன்று கழன்றிருக்கிறது. எனக்குத் தெரிந்தவரை, பழைய அம்பாசடர்களில் மிகக் குறைவாகக் கவனிக்கப்படும் பகுதி இதுதான். பாயிண்டை வருடம் ஒருமுறை மாற்றுபவர்கள்கூட, அதற்கடியில் இருக்கும் எடைகளுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டதில்லை.

வேக்குவம் பகுதியைப் பற்றி ஓர் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். என் மாமாவின் அம்பாசடரில் ஒரு விசித்திரமான மிஸ்ஸிங் இருந்தது. ஐட்லிங்கில் நன்றாக இருக்கும். ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தாலும் நன்றாக இருக்கும். சமவெளிச் சாலையில் பாதி மிதியில், ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் மட்டும் இன்ஜின் திக்கித் திக்கி ஓடும். கார்புரேட்டரை மூன்று முறை கழற்றிச் சுத்தம் செய்தோம், பெட்ரோல் பம்ப்பை மாற்றினோம், மூன்று வாரம் போனது. கடைசியில் ஒரு மாலை, கேப்பைக் கழற்றி வைத்துக்கொண்டு வேக்குவம் குழாயை வாயில் வைத்து உறிஞ்சியபோது, பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டு நகர்வதைப் பார்த்தேன். அந்த நகரும் தட்டையும் அசையாத அடித்தட்டையும் இணைக்கும், துணி உறை போட்ட ஒரு சிறு எர்த் வயர் உண்டு. விரல் நீளம்கூட இருக்காது. வெளியே பார்க்க முழுதாக இருந்தது. இடுக்கியால் மெல்ல இழுத்ததும் ரப்பர் போல நீண்டது. உள்ளே செம்புக் கம்பிகள் அத்தனையும் அறுந்து, துணி மட்டுமே பிடித்துக்கொண்டிருந்தது. ஐட்லிங்கில் வேக்குவம் துளைக்குக் காற்றிழுப்பு இல்லை, தட்டு நகராது, அறுந்த முனைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். முழு மிதியில் வேக்குவம் விழுந்துவிடும், தட்டு பழைய இடத்துக்கு வந்துவிடும். பாதி மிதியில் மட்டும் தட்டு நகர்ந்து, முனைகள் பிரிந்து, பாயிண்டுக்கு எர்த் இல்லாமல் போகும். ஒரு புது வயரைச் சாலிடர் செய்தோம். அன்றோடு அந்தத் திக்கல் நின்றது.

அன்றிலிருந்து எந்த வண்டியிலும் வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். மிஸ்ஸிங் மறைந்தால் குறை டிஸ்ட்ரிபியூட்டர் தட்டிலோ டயஃப்ரத்திலோ இருக்கிறது. உறிஞ்சிய குழாயின் நுனியை நாக்கால் அடைத்தால் தட்டு நகர்ந்த இடத்திலேயே நிற்க வேண்டும். மெல்லத் திரும்பி வந்தால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. கிழிந்த டயஃப்ரம் வழியாகக் கார்புரேட்டருக்குக் கூடுதல் காற்றும் போகும் என்பதால், டைமிங்கும் கலவையும் ஒரே நேரத்தில் கெடும்.

மீதமிருப்பது உயர் மின்னழுத்தப் பகுதி. இரவில், வெளிச்சம் முழுதும் அணைத்த இடத்தில், இன்ஜினை ஓடவிட்டு பானெட்டைத் திறந்து பாருங்கள். கசியும் வயரைச் சுற்றி நீலப் புள்ளிகளும் மெல்லிய இழைகளும் ஓடுவது கண்ணுக்கே தெரியும். கேப்பின் உட்புறம் பென்சில் கோடு போலக் கரித்தடம் இருந்தால் கேப்பை மாற்ற வேண்டும். தேய்த்து எடுத்தாலும் அது திரும்பி வரும். நடுவில் இருக்கும் கார்பன் முனை ஸ்பிரிங்கில் துள்ளுகிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். ரோட்டாரின் நடுவில் உள்ள ரிவெட் வழியாகத் தண்டுக்கு மின்சாரம் கசிவது இப்போதைய மலிவு ரோட்டார்களில் நடப்பதுண்டு. காயிலின் முதல்நிலை மின்தடை ஏறக்குறைய 3 ஓம் இருக்க வேண்டும். 1.5 ஓம் காட்டினால் அது பேலஸ்ட் ரெசிஸ்டர் (காயிலுக்குச் செல்லும் மின்சாரத்தைக் குறைக்கும் தனி மின்தடை) வைத்த வண்டிக்கு உரிய காயில். உங்கள் வண்டியில் நேரடியாக மாட்டினால் பாயிண்டை எரித்துவிடும். சூடான பிறகு மட்டும் மிஸ்ஸிங் வந்து, அரை மணி நேரம் நிறுத்தினால் சரியாகிறது என்றால் காயிலையும் கண்டன்சரையும் சேர்த்துச் சந்தேகிக்க வேண்டும்.

கார்புரேட்டரைக் கடைசியில்தான் தொட வேண்டும். கலவையின் சரியான இடம் டைமிங் சரியான பிறகே தெரியும். இப்போது கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருப்பதால், பழைய ஜெட் அளவில் கலவை முன்பை விட மெலிந்துதான் ஓடும். ஐட்லிங் கலவை ஸ்குரூவைக் கொஞ்சம் திறந்ததும் நடுக்கம் குறைந்தால் அதுவும் ஒரு காரணம். பழைய ரப்பர் குழாய்களையும் பம்ப் டயஃப்ரத்தையும் எத்தனால் மெல்ல அரிக்கும் என்பதால் அவற்றையும் பார்த்துவிடுங்கள்.

எலெக்ட்ரானிக் இக்னிஷன் கிட் போட்டுவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். நல்ல கிட் என்றால் குதிகால் தேய்மானமும் பாயிண்ட் கருகுதலும் இல்லாமல் போகும். தினமும் ஓட்டும் வண்டிக்கு அது நல்ல மாற்றம். ஆனால் பிடித்துக்கொண்ட எடைகளையோ, கிழிந்த டயஃப்ரத்தையோ, தேய்ந்த புஷ்ஷையோ அது சரிசெய்யாது. முதலில் இருப்பதைக் குறையின்றி ஓட வையுங்கள். பிறகு கிட் போடுங்கள். அப்போதுதான் ஏதாவது கோளாறு வந்தால் அது கிட்டால் வந்ததா, முன்பே இருந்ததா என்று பிரித்துப் பார்க்க முடியும்.

நாளைக் காலையில், டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பாமல், கேப்பை மட்டும் கழற்றி நான்கு முனைகளிலும் பாயிண்ட் இடைவெளியை அளந்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பத்து தௌவுக்குக் கீழே இருந்தால் நான் மேலே சொன்ன குதிகால் தேய்மானம் ஏறக்குறைய உறுதி. இடைவெளியை 15க்குக் கொண்டுவந்து, கேமில் ஒரு நெல்மணி அளவு கிரீஸ் வைத்து, குறிக்கு ஏற்ப டைமிங்கை வைத்து ஓட்டுங்கள். ஐந்நூறு கிலோமீட்டர் முடிந்ததும் அதே நான்கு அளவுகளையும் மறுபடி எடுத்து முதல் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஓரிரு தௌ குறைந்திருப்பது இயல்பே. அதைச் சரிசெய்து டைமிங்கை இன்னொரு முறை பார்த்துவிட்டால் அதன் பிறகு நெடுநாள் நிற்கும். அதற்கும் மேல் குறைந்திருந்தால் கேமின் பரப்பைத் துடைத்து, சொரசொரப்பாக இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். அந்த நான்கு அளவுகளோடு அதையும் எனக்கு எழுதுங்கள்.